உங்கள் மாத்திரையில் பாதி

அக்கா,

போன சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போயிருந்தேன். கடை வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு அம்மாள், "கழுத்த நல்லா மூடித் தச்சுக் குடுங்க அண்ணே, காலர் மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துணியைத் தடவிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாள் ஸ்டைலுக்குச் சொன்னாரோ, வேறு எதற்குச் சொன்னாரோ, நான் கண்டேனா? எனக்கு உங்கள் கழுத்துதான் கண்ணில் வந்து நின்றது. கடைக்காரர், "என்ன அக்கா, துணி வேணுமா வேணாமா லா?" என்று இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது. இரண்டு மீட்டர் வெட்டச் சொல்லிவிட்டேன். எந்தச் சேலைக்கு என்று இன்னும் தெரியவில்லை.

நீங்கள் போய் ஏழு வாரம் ஆகிறது. முப்பதாம் நாள் பூசைக்குக் கிள்ளானுக்கு வந்தேன், மாதா கோயில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அழுகை வரவில்லை. உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது அக்கா. அதைப் போட்டு முடிக்காமல் எனக்கு அழத் தோன்றவில்லை. ஆள் இல்லாத இடத்தில் சண்டை போடுவது என் வழக்கம்தான், உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உங்கள் அடுப்படி ஜன்னலும் என் அடுப்படி ஜன்னலும் எதிரெதிராக இருந்தன. நடுவில் ஒரு சாக்கடை, அதன் மேல் ஒரு பலகை. உங்கள் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். என் வீட்டுக்காரர் செந்தூல் பட்டறையில் ஃபிட்டர். நாங்கள் குடிவந்த இரண்டாம் நாளே, பின்பக்கக் குழாயடியில் நீங்கள் தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டும்போது உங்கள் கழுத்தைப் பார்த்துவிட்டேன். குறுக்கே ஒரு கோடு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள்.

"என்னடி பாக்குற? தலைய எடுத்துட்டுத் திரும்ப ஒட்டிட்டாங்க. ஒழுங்கா ஒட்டியிருக்கா பாத்துச் சொல்லு."

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திமிர் என்று நினைத்ததாக அப்புறம் சொன்னீர்கள். திமிர் இல்லை அக்கா, பயம்.

டெங்கில் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் என் அம்மா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கழுத்தில் ஒரு வீக்கம் இருந்தது. துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். விழுங்க முடியவில்லை என்றதும் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் கடிதம் எழுதிக் கொடுத்தார். தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எனக்குப் பதினொரு வயது. துணி மூட்டையை நான்தான் ஏற்றிவிட்டேன். ஆப்பரேசன் என்றார்கள். மூன்றாம் நாள் அதே லோரி திரும்பி வந்தது, அம்மாவைப் பலகையில் படுக்கவைத்து. அன்றிலிருந்து எனக்குக் கழுத்து, ஆஸ்பத்திரி, கத்தி எல்லாம் ஒரே பயம்தான். இதை உங்களிடம் சொல்லவே எனக்கு மூன்று வருடம் ஆனது.

மூன்றாவது பிள்ளை பிறந்து ஐந்தாறு மாதம் கழித்துத்தான் எனக்கு அந்த அசதி வந்தது. அப்போது சுங்கைவேயில் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலை. கண்ணை வைத்தபடியே தூங்கிவிடுவேன். சூப்பர்வைசர் முதுகில் தட்டி, "டிடோர் ஆ?", தூக்கமா என்று மலாயில் கேட்பாள். பக்கத்து மேசைக்காரிகள் சிரிப்பார்கள். பேக்டரி பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கிறேன். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. இந்த ஊர் வெயிலில் எனக்குக் குளிரும். முகம் அதிரசம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. மாமியார் கண்ணேறு என்று சொல்லிக் கயிறு கட்டச் சொன்னார், கட்டினேன். வீட்டுக்காரர் பாவம், யாரோ சொன்னார்கள் என்று ஸ்டௌட் பீரில் முட்டை அடித்துக் கலக்கிக் கொடுத்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள், ஷிப்ட் வேலை பார்க்கிறவள், அசதி இல்லாமல் என்ன இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குளியல் பேசின் சமாச்சாரம் நடந்த அன்றைக்கு மட்டும் நீங்கள் வராமல் இருந்திருந்தால்? பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

காலை பத்து மணி இருக்கும். சின்னவனைக் குளிப்பாட்ட நீலப் பேசினில் தண்ணீர் நிரப்பி, குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அவன் முதுகுக்கு ஒரு கை கொடுத்துப் பிடித்திருந்தேன். அவன் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் பலகை தாண்டிச் சீனி வாங்க வந்தவர், கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றுபோனதும் உள்ளே ஓடி வந்தீர்கள். நான் கண் விழித்தபோது பிள்ளை உங்கள் தோளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். முதுகில் தட்டித் தட்டி, "யேசுவே, யேசுவே" என்று கத்துகிறீர்கள். அவன் ஒரு வாய்த் தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டான். அந்த வீறிடலை மாதிரி நல்ல சத்தம் நான் அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

நீங்கள் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பிள்ளையைத் துடைத்து ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு, அது ஆடி நிற்கிற வரைக்கும் தொட்டில் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்புறம் வந்து என் கையைப் பிடித்தீர்கள். முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தீர்கள். என் புருவத்தின் ஓரத்தைத் தடவினீர்கள்.

"எத்தன மாசமா இப்படி இருக்க?"

"அசதிதான் அக்கா."

"கை ஐஸா கெடக்குடி. புருவம் பாதி காணோம். குரல் ஆம்பள குரல் மாதிரி இருக்கு. இது அசதியும் இல்ல, கண்ணேறும் இல்ல. ஆப்பரேசனுக்கு அப்புறம் நான் ஒரு தடவ மாத்திர போடாம விட்டேன் பாரு, அப்ப நான் இதே மாதிரிதான் கெடந்தேன். தைராய்டு. கிளினிக்குல ஒரே ஒரு ஊசில ரத்தம் எடுப்பாங்க, அவ்ளோதான்."

அப்போதுதான் உங்களுக்கு என் அம்மாவின் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்து, "ரத்தம் எடுப்பாங்க, அப்புறம் கழுத்த அறுப்பாங்க, எனக்கு வேணாம் அக்கா. நான் சாகலாம், என் பிள்ளைங்க அந்த லோரியப் பாக்கக் கூடாது" என்று உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். உங்களுக்கு வந்தது கட்டி, அதனால்தான் வெட்டினார்கள் என்றீர்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பயந்தவளுக்குப் பேச்சு மருந்தாகுமா?

மறுநாள் காலையில் ஜன்னல் வழியாக ஒரு நீளக் கரண்டி வந்தது. கரண்டியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.

"இத ஒரு மாசம் போட்டுப் பாரு. நல்லானா வியாதி அதுதான்னு தெரிஞ்சிரும். அப்புறம் கிளினிக்குப் போவோம், நானும் கூட வரேன்."

ஊசிக்குப் பயந்தவளுக்கு நீங்களே ஒரு டெஸ்ட் வைத்தீர்கள். சரியா தப்பா என்று நாம் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸ் லைனில் யார்தான் யோசித்தார்கள்? ஒருத்திக்குக் கொடுத்த இருமல் மருந்தை நான்கு வீட்டுப் பிள்ளைகள் குடித்தார்கள். பிரஷர் மாத்திரையைக்கூடக் கைமாற்றாக வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. சீனி கொடுப்பது மாதிரிதான் நமக்கு மாத்திரை கொடுப்பதும்.

மூன்றாம் வாரம் எனக்கு வெயில் தெரிந்தது. வியர்த்தது. வியர்த்ததற்காக ஒரு மனுஷி சந்தோஷப்பட்டு உண்டா? நான் பட்டேன். பிள்ளைகளைப் பழையபடி திட்டினேன். வீட்டுக்காரர், "வாய் திரும்பி வந்துருச்சு, இனி எனக்குக் கவல இல்ல" என்றார். மாதம் முடிந்ததும் நீங்கள் கிளினிக் பேச்சை எடுத்தீர்கள். அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரம் பேக்டரியில் ஓவர்டைம் என்றேன். அதற்கடுத்த வாரம் பிள்ளைக்குச் சளி. நீங்களும் அழுத்திச் சொல்வதை விட்டுவிட்டீர்கள். கரண்டி மட்டும் தினமும் வந்தது.

ஒருநாள் கேட்டேன், "உங்களுக்குப் பத்துமா அக்கா?"

"அலா, பெரியாஸ்பத்திரில அள்ளித்தான் குடுக்கறாங்க. டிராயர் நெறைய கெடக்கு."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஐந்து மாதம் இப்படியே போனது. அதற்குள் நீங்கள் மாறிக்கொண்டு வந்தீர்கள். தினமும் பார்க்கிற முகம், அதனால் எனக்கு உடனே தெரியவில்லை. உங்கள் மீன்குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, இல்லாவிட்டால் விழவே இல்லை. கோயிலில் பூசை நடக்கும்போது தூங்கிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். பலகையைத் தாண்டி வருகிறவர் பலகைக்கு அந்தப் பக்கமே நின்று பேச ஆரம்பித்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வெளியே தார் உருகுகிற வெயில். நீங்கள் உங்கள் வீட்டுக்காரரின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"அந்த டிராயர்ல கண்ணாடி இருக்கும், எடுத்துட்டு வா" என்றீர்கள். குரல் கனத்துத் தடித்திருந்தது.

டிராயரைத் திறந்தேன். அள்ளிக் கொடுத்த மாத்திரைகள் எங்கே? ஜெபமாலை, கண்ணாடி, ஒரே ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. பையின் மேல் உங்கள் பெயர். அதன் கீழே மலாயில், நாளைக்கு இரண்டு மாத்திரை என்று எழுதியிருந்தது. இரண்டு. ஒன்று உங்களுக்கு. மற்றது தினமும் கரண்டியில் ஏறி என் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது.

நான் உங்களைத் தின்றுகொண்டிருந்தேன் அக்கா. வேறு எப்படிச் சொல்வது? என் முகத்தில் இறங்கிய வீக்கம் உங்கள் முகத்தில் ஏறியிருந்தது.

அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் அந்த லைன் முழுக்கக் கதவு திறந்தது.

"ஒங்களுக்கு அறிவிருக்கா? கழுத்துல இருந்ததத்தான் வெட்டி எடுத்துட்டாங்களே, இந்த மாத்திரதான் ஒங்க உசுருன்னு நீங்கதான சொன்னீங்க! அதுல பாதிய எனக்குக் குடுத்துட்டு நீங்க என்ன பண்றதா இருந்தீங்க?"

நீங்கள் நிதானமாக, அந்தத் தடித்த குரலில் சொன்னீர்கள்: "ஏன்டி கத்துற? என் பிள்ளைங்க வளந்தாச்சு. ஒன்னோடது தொட்டில்ல கெடக்குது."

பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து, தண்ணீர் மொண்டு வந்து, நீங்கள் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிற வரைக்கும் எதிரில் நின்றேன். மறுநாள் எம்சி லீவு கேட்காமல், பேக்டரிக்கும் போகாமல் நேரே கிளினிக்குப் போனேன். நீங்கள் கூட வருகிறேன் என்றீர்கள், நான் விடவில்லை. உங்கள்மேல் அவ்வளவு கோபம்.

அந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன செய்யுது உமக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கழுத்தைத் தொட வந்தபோது நாற்காலியோடு பின்னால் போனேன். அவர் சிரிக்கவில்லை. "ஒண்டும் செய்ய மாட்டன். எச்சிலை விழுங்கும்" என்றார். விழுங்கினேன். அவர் விரல் என் தொண்டைமேல் இருந்தது, எனக்கு லோரியின் சத்தம் கேட்டது.

"குடும்பத்திலை ஆருக்கும் இருந்ததோ?"

"அம்மாவுக்கு."

ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், புரியவில்லை.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீரோ?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் காட்டிக்கொடுத்தால் பெரியாஸ்பத்திரியில் உங்களுக்கு மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பயம். எனக்குத்தான் எதைக் கண்டாலும் பயமாயிற்றே. ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. இதற்கா ஒரு வருடம் செத்தேன் என்று இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனபோது, "எல்லாம் சரியாய்த்தான் இருக்கு. ரத்தம் கொஞ்சம் குறைவு" என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். நான் கிளினிக்கிலிருந்து வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். வழியில் பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கினேன். ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமே இல்லை! நீங்கள் பாயசத்தை வாங்கிக்கொண்டீர்கள், ஆனால் முகம் மலரவில்லை.

"மாத்திர போட்டத டாக்டர்ட்ட சொன்னியா?"

"அதான் நிறுத்திட்டேனே."

"நிறுத்தி எத்தன நாள் ஆச்சு? நீ குடுத்த ரத்தத்துல என் மாத்திரதான்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு."

நான் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். நல்ல சேதி சொன்னால் கெடுக்கப் பார்க்கிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் புகார் வேறு சொன்னேன். நான்காவது வாரம் மைக்ராஸ்கோப்பில் நெற்றி மோதித் தூங்கினேன். அதற்குள் பழைய குளிர் உள்ளங்காலிலிருந்து தலைவரைக்கும் ஏறிவிட்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் கேட்காமலே வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். கிளினிக்கில் டாக்டரம்மா வாய் திறப்பதற்குள், "இவ என் மாத்திரயப் போட்டா டாக்டர். நான்தான் குடுத்தேன். என்னய திட்டுங்க" என்றீர்கள். கழுத்து மூடிய ரவிக்கையின் மேல் கொக்கியைக் கழற்றி, தழும்பைக் காட்டி, அத்தனை பேர் முன்னால்.

டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் கிழி கிழி என்று கிழித்தார். "மற்ற ஆக்களின்ரை மருந்தைக் குடிச்சிட்டு வந்து எனக்கு ரத்தம் தந்தனீரோ? நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? நீங்கள் படிச்ச ஆக்கள்தானே?" நாம் இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். பழைய மருந்தெல்லாம் உடம்பிலிருந்து சுத்தமாகப் போக இன்னும் சில வாரம் ஆகும், ஒன்றும் எடுக்கக் கூடாது, பிறகு வாரும் என்றார்.

அந்தச் சில வாரங்களை எப்படிக் கடந்தேன் என்று நீங்கள்தான் சாட்சி. காலையில் சின்னவனை நீங்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். பேசின் பக்கம் நான் போகவே கூடாது என்று உத்தரவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், அவளுக்கு ஒன்பது வயது. ஒருநாள் மத்தியானம் கண் விழித்தபோது அவள் விரல் என் மூக்குக்குக் கீழே இருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்குமா, நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்? நானும் பதினொரு வயதில் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவள்தானே.

இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில் ஒரு துணிப்பை கட்டி வைத்தேன். இரண்டு சேலை, துண்டு, சோப்பு, அம்மாவின் படம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். பையை அவிழ்த்து, சேலைகளைக் கொடியில் போட்டு, சோப்பைக் குளியலறையில் வைத்துவிட்டு, தாளைக் கிழித்து அடுப்பில் போட்டீர்கள். "சாவறதுக்கு இவ்ளோ அவசரமா? மொதல்ல அரிசியக் கழுவு" என்றீர்கள்.

முடிவு தெரிய நாம் இரண்டு பேரும்தான் போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் என் நகம் உங்கள் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. நீங்கள் கையை எடுக்கவில்லை.

"இருக்கு," என்றார். "நல்லாய்க் குறைஞ்சு போச்சு. ஆனால் கட்டி ஒண்டும் இல்லை. கத்தி வேண்டாம், பிள்ளை. குளிசை போதும். உம்மடை பேரிலையே தாறன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தீர்கள், அவர் பதறிப்போனார். அன்றிலிருந்து என் பெயரில் எனக்கு மாத்திரை. தினமும் காலையில் இந்த ஜன்னலில் நான், அந்த ஜன்னலில் நீங்கள், இரண்டு பேரும் ஒன்றாக விழுங்குவோம். "இன்னொண்ணு?" என்று நான் கேட்பேன், இரண்டாவதையும் எனக்குக் காட்டித்தான் நீங்கள் வாயில் போட வேண்டும். இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் செய்தீர்கள். எத்தனை வருடம் அக்கா! சின்னவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கிறான். என்னைவிட ஒரு சாண் உயரம்.

பிறகு உங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தீர்கள். அவர் காலமான பிறகு கிள்ளானில் மகன் வீட்டோடு இருந்தீர்கள். மாதம் ஒரு தடவை நான் போன் செய்வேன். கடைசியாகப் பேசியபோது உங்கள் குரல் தடித்திருந்தது.

"சளியா அக்கா?" என்றேன்.

"ஆமாடி. மழ."

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? என் தொண்டையிலேயே இருந்த குரல். எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றி, மூத்தவளின் வேலை விஷயம் பேசினேன். மூன்று வாரத்தில் உங்கள் மகன் போன் செய்தான். நெஞ்சு நின்றுவிட்டது என்றான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து எல்லாரும் பால் விடாத காப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், மடியில் கைக்குழந்தை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள், அவள் நிறுத்தவில்லை. ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. புருவத்தின் ஓரம் இல்லை.

கையில் இருந்த கப்பைத் தரையில் வைத்தேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். ஐஸ்.

"நீ யாரும்மா?"

"பக்கத்து வீடு அக்கா. ஆன்டி எனக்கு அம்மா மாதிரி."

"ஆன்டி ஒனக்கு மாத்திர குடுத்தாங்களா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தன மாசமா?"

"ஏழு மாசம் இருக்கும். ஒண்ணு எனக்குப் பத்தல, முழுசா சரியாகல. டெஸ்ட்டுக்கு எனக்கு பயம் அக்கா. அடுத்த வாரம் சேந்து போலாம்னு ஆன்டி சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

இதுதான் அக்கா அந்தச் சண்டை. சத்தியம் செய்தீர்களே, மாதாமேல் செய்தீர்களே! பெட்டியில் கிடந்த உங்களைத் தோளைப் பிடித்து உலுக்காமல் எப்படி விட்டேன் என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன். அவளையும் அறையலாம் போல இருந்தது. அவள் மடியில் பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டு, கிள்ளானுக்கு பஸ் ஏறி வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு அங்குள்ள கிளினிக்குப் போனேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். யாருடைய மாத்திரை, எத்தனை மாதம், எல்லாம். சில வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். இடையில் இரண்டு நாளுக்கொரு முறை போன் செய்து, பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை முடிவு வந்தது. எனக்கு இருப்பதுதான் அவளுக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அவள் பெயரில்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவள் மாத்திரைப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, ஆன்டி செத்தது என்னாலயா?"

பன்னிரண்டு வருடமாக நான் யாரிடமும் கேட்காத கேள்வி. அந்த ஐந்து மாதம் உங்கள் நெஞ்சை என்ன செய்தது என்று நான் ஒரு டாக்டரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று கேட்கவில்லை. இப்போது இவளுடைய ஏழு மாதமும் அதோடு சேர்ந்துகொண்டது.

"இல்லடி," என்றேன். "ஒன்னால இல்ல."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அவள் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பஸ் வந்தது, பிள்ளையைக் கொடுத்து ஏற்றிவிட்டேன்.

எனக்குத் தெரியாது அக்கா. அவளிடம் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு இன்னும் பயம்.